கார்த்திகையில் குவியும் பணம், மாசியில் தேவைப்படும் பணம்

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. நாலைந்து நாள் கழித்து டவர் கிடைத்ததும் என் கைபேசியில் வந்து விழுந்தவை எல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விதான்: "பணம் அனுப்பணும்ணே, யாருக்கு அனுப்புறது?" சென்னையில் கூடப் படித்தவர்கள், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற ஊர்ப் பையன்கள், சிங்கப்பூரில் இருக்கிற சித்தப்பா மகன், எல்லாரும் கேட்டார்கள். கார்த்திகை முழுக்க அந்தக் கேள்வி வந்துகொண்டே இருந்தது. மார்கழியில் குறைந்தது. பொங்கலுக்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

ஆனால் எங்கள் பக்கம் கையில் காசில்லாமல் ஜனங்கள் உண்மையிலேயே திண்டாடியது பொங்கலுக்குப் பிறகுதான். இதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். தனி மனிதர்கள் தங்கள் பையிலிருந்து எடுத்து, இடையில் பெரிய அமைப்பு எதுவும் இல்லாமல், ஒரு தெருவுக்கோ நாற்பது வீட்டுக்கோ நேராகக் கொடுக்கும் பணம் மிகவும் நல்ல பணம். அரசாங்கத்தால் முடியாத சில காரியங்களை அது செய்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி ஒரே வாரத்தில் வந்து ஒரே வாரத்தில் தீர்ந்துவிடுகிறது, அதன் பலம் முழுதாக வெளிப்படுகிற காலத்தில் கையில் மிச்சம் இருப்பதில்லை.

முதலில் பெரிய பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நிவாரணத்தில் பெரும்பங்கு அரசுப் பணம்தான், நாம் போடும் ஐந்நூறும் ஆயிரமும் அதற்கு மாற்றாக ஒருநாளும் ஆகாது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதி என்று ஒன்று உண்டு, தமிழ்நாட்டுக்கு அதில் நூறு ரூபாயில் 75 மத்திய அரசு, 25 மாநில அரசு. அது போதாவிட்டால் தேசிய நிதியிலிருந்து கேட்க வேண்டும். கஜாவுக்காகத் தமிழ்நாடு கேட்டது சுமார் 15,000 கோடி ரூபாய். அந்த ஆண்டின் கடைசி நாளில் மத்திய அரசு கூடுதலாக ஒப்புதல் கொடுத்தது 1,146 கோடி. வீடுகளுக்கு வந்தது என்னவென்றால், முழுதும் இடிந்த குடிசைக்கு 10,000 ரூபாய், பாதி சேதமான குடிசைக்கு 4,100 ரூபாய், அப்புறம் 27 வகைப் பொருட்கள் அடங்கிய நிவாரணப் பை. சாய்ந்த தென்னைக்கு மரத்துக்கு 600, அதை வெட்டி அகற்ற 500, ஆக 1,100. ஒரு ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கு வைத்து 1,92,500 ரூபாய்.

காகிதத்தில் பார்த்தால் நல்ல தொகைதான். ஆனால் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கத்தில் விழுந்ததெல்லாம் முப்பது நாற்பது வருஷத்து நெட்டை மரங்கள். நெட்டை ரகம் கன்று வைத்துக் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அதுவரை அந்தக் குடும்பம் எதை வைத்துச் சாப்பிடுவது, தோப்பில் காய் பறித்தவர், மட்டை உரித்தவர், கீற்று பின்னிய பெண்கள் எங்கே போவது என்பதற்கு அந்தக் கணக்கில் பதில் இல்லை. விழுந்த மரத்தை உடனே அகற்றாவிட்டால் மக்கிய தண்டில் காண்டாமிருக வண்டு பெருகி, நின்றுகொண்டிருக்கும் மரத்தையும் குடைந்துவிடும் என்பது தென்னை வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். அதனால் பணம் வருகிறதோ இல்லையோ, மரம் அறுக்கிற மிஷினுக்கும் ஆளுக்கும் கடன் வாங்கியாவது உடனே கொடுத்தாக வேண்டும்.

அரசு நிவாரணம் காகிதத்தை வைத்துத்தான் நகரும். அதைக் குறையாகச் சொல்லவில்லை, பொதுப்பணத்தை வேறு எப்படிக் கொடுப்பது. நிலம் யாருடையது என்பதற்குச் சிட்டா வேண்டும், அதில் என்ன பயிர் என்பதற்கு அடங்கல் வேண்டும், கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து எழுத வேண்டும், பயிர்ச்சேதம் 33 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால்தான் பட்டியலில் சேரும். டெல்டாவில் சிக்கல் இங்கேதான் வருகிறது. கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் தலைமுறையாக உழுகிறவர்கள் இங்கே ஏராளம், வாய்ப்பேச்சுக் குத்தகையில் உழுகிறவர்களும் ஏராளம். குத்தகைதாரர் உரிமைகளைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்தும், பதிவேட்டில் பெயர் ஏறாதவர்கள் இன்றைக்கும் உண்டு. நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் பெரும்பாலும் பணம் போகும், அவர் சென்னையில் இருந்தாலும் சரி. உழுது விதைத்து நட்டவர் அவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும்.

நிலமே இல்லாத விவசாயத் தொழிலாளிக்கு இதுவும் இல்லை. கார்த்திகையில் புயல் அடித்தால் சம்பா சாய்கிறது, சம்பா சாய்ந்தால் தை மாசியில் அறுவடை வேலை இல்லை. அந்த அறுவடைக் கூலியை நம்பித்தான் கடை பாக்கி, பிள்ளைகளின் செலவு, குழுக் கடன் எல்லாம் நிற்கின்றன. நெல்லுக்குரியவருக்குச் சேதக் கணக்கு உண்டு, அறுக்கப் போகிறவருக்கு இல்லாமல்போன கூலியைப் பயிர்ச்சேதப் பட்டியலில் எழுத ஒரு கட்டம் கிடையாது. 2021 ஜனவரியில் பொங்கல் நேரத்தில் மழை கொட்டி முற்றிய கதிர் வயலிலேயே முளைத்தபோதும் இதே நிலைமைதான். அது புயல்கூட இல்லை என்பதால் வெளியூரிலிருந்து யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த ஓட்டைகளில்தான் சின்னப் பணம் நுழைய முடியும். ஒருவர் கஷ்டப்படுகிறார் என்று தெரு அறிந்தால் போதும், அதற்குச் சிட்டா தேவையில்லை.

சரி, அப்படியென்றால் அந்தச் சின்னப் பணம் எங்கே போகிறது? கஜா நேரத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். நிவாரண வண்டிகள் தஞ்சாவூர், திருவாரூர் வழியாக வந்தன. மெயின் ரோட்டை ஒட்டிய ஊர்களில் ஜனங்கள் மரத்தைப் போட்டு மறித்து நிறுத்தினார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, மூன்று நாள் தண்ணீரும் வெளிச்சமும் இல்லாமல் இருந்தவர்கள் வேறு என்ன செய்வார்கள். ஆனால் அதன் விளைவாக, ரோட்டோரத்தில் ஒரே வீட்டுக்கு நான்கு பாய் வந்தது, ரோட்டிலிருந்து இரண்டு மைல் உள்ளே வாய்க்கால் கரையிலோ ஆற்றங்கரைப் புறம்போக்கிலோ இருக்கும் தெருவுக்கு ஒரு தார்ப்பாய்கூடப் போய்ச் சேரவில்லை. அந்த உள்ளடங்கிய தெருக்களில் யார் குடியிருக்கிறார்கள் என்பதை டெல்டாக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் தலித் குடியிருப்புகள்.

சுனாமியிலும் இதே பாடம் கிடைத்தது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு நாடு முழுக்க இருந்து பழைய துணி லாரி லாரியாக வந்தது. கட்டமுடியாத புடவைகளும் கிழிந்த சட்டைகளும் ரோட்டோரத்தில் மலையாகக் கிடந்து மழையில் நனைந்தன. எல்லாவற்றையும் இழந்து நிற்கிற மனிதருக்கு அடுத்தவர் கழித்துப்போட்ட துணியைக் கொடுத்தால் அவர் வாங்கிக்கொள்வார் என்று அனுப்பியவர்கள் நினைத்தார்கள், அவர்கள் வாங்கவில்லை. அப்படித் தேங்கிய துணியைக் கூஞ்ச் என்ற டெல்லி அமைப்பு எடுத்துப் பிரித்துச் சுத்தம் செய்து, பெண்களுக்கான மாதவிடாய்த் துணியாகவும் மற்றதாகவும் மாற்றியது. அது நல்ல காரியம், ஆனால் அத்தனை லாரி வாடகையும் பணமாகவே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். படகிலும் இதுவே நடந்தது. தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு ஃபைபர் படகு கொடுத்ததில், சுனாமிக்கு முன்பு இருந்ததைவிட அதிகப் படகுகள் சில ஊர்களில் வந்து நின்றன. வலை பின்னுகிறவருக்கும் கருவாடு விற்கும் பெண்ணுக்கும் அதே அளவுக்குக் கை நீளவில்லை. படகு கொடுத்தால் அதில் பெயர் எழுதலாம், கருவாட்டுக் கூடைக்கு முதல் கொடுத்தால் எங்கே எழுதுவது?

அதனால் பொருளைவிடப் பணம் மேல் என்பது என் எண்ணம், ஆனால் முதல் நான்கைந்து நாளுக்கு அது பொருந்தாது. கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. சில ஊர்களுக்குக் கரண்ட் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. கரண்ட் இல்லையென்றால் ஏடிஎம் இல்லை, டவர் இல்லை, கடையில் கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் மிஷின் இல்லை. ஒருவர் கணக்கில் ஐயாயிரம் ரூபாய் ஏறியிருக்கலாம், அதை எடுத்து ஒரு மெழுகுவர்த்தி வாங்க முடியாது. மெழுகுவர்த்தியும் கொசுவர்த்தியும் எங்கள் பக்கக் கடைகளில் தீர்ந்தே போயின. அந்த நாட்களில் தார்ப்பாய், மெழுகுவர்த்தி, கொசுவர்த்தி, குடிதண்ணீர், நாப்கின் இவற்றை வண்டியில் ஏற்றி நேராக உள்ளடங்கிய ஊர் வரை கொண்டுபோனவர்கள்தான் உயிர் காத்தவர்கள். பணம் அனுப்பியிருந்தால் நோட்டாக, சில்லறையாக வந்திருக்க வேண்டும்.

அந்த முதல் வாரத்தில் நன்கொடைப் பணம் செய்த மிகச் சிறந்த காரியம் என்று எனக்குப் படுவது ஜெனரேட்டர் வாடகைதான். மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்ற மோட்டார் ஓட வேண்டும், மோட்டாருக்குக் கரண்ட் வேண்டும். ஒரு ஜெனரேட்டரை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு ஒவ்வோர் ஊராகப் போய் இரண்டு மணி நேரம் ஓட்டித் தொட்டியை நிரப்பினால் அந்த ஊர் முழுக்க இரண்டு நாள் தண்ணீர் குடிக்கும். டீசலும் வாடகையும் மட்டும்தான் செலவு. ஒரு ஆளின் பத்தாயிரம் ரூபாய் எத்தனை குடும்பத்துக்குப் போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். இது அரசாங்க உத்தரவுக்குக் காத்திருந்து நடக்கிற வேலை இல்லை, ஊரில் இருக்கும் நாலு பேர் சேர்ந்து முடிவெடுத்தால் அன்றைக்கே நடக்கிற வேலை.

முதல் வாரம் தாண்டி கடைகள் திறந்த பிறகு, பொருள் அனுப்புவதை நிறுத்திவிட வேண்டும் என்றே நினைக்கிறேன். சென்னையிலிருந்து வேதாரண்யம் முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். அத்தனை தூரம் அரிசி மூட்டையைச் சுமந்து வருவதற்குப் பதில், திருத்துறைப்பூண்டியிலோ மன்னார்குடியிலோ மளிகைக் கடையில் வாங்கினால், அந்தக் கடைக்காரரும் பிழைப்பார். அவரும் புயலில் அடிபட்டவர்தான். அதோடு ஊருக்கே கடன் கொடுத்து வைத்திருப்பவர் அவர். அவர் கடை மூடினால் ஊர்ச்சனம் அடுத்த மாதம் யாரிடம் அரை கிலோ பருப்பு கடன் சொல்லி வாங்கும்?

இப்போது மாசி மாதத்துக்கு வருகிறேன்.

மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக் கடன் எங்கள் பக்கத்தில் எத்தனை ஆழமாகப் போயிருக்கிறது என்பது வெளியூரில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. வாரத் தவணை, மாதத் தவணை, ஒரே பெண் இரண்டு மூன்று குழுவில். தவணையை ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும், அதனால் வீட்டு வாசலில் வந்து நிற்பது கம்பெனி ஆள் மட்டுமல்ல, பக்கத்து வீட்டு அக்காவும்தான். புயலுக்குப் பிறகு ஒன்றிரண்டு மாதம் வசூலை நிறுத்தி வைப்பார்கள், அப்புறம் ஆரம்பித்துவிடும், அது சரியாக அறுவடைக் கூலி வர வேண்டிய, ஆனால் வராத மாதங்களில் வந்து விழும். இதே மாதங்களில்தான் பத்தாவது, பன்னிரண்டாவது பரீட்சை. நனைந்துபோன புத்தகம், பாழாய்ப்போன சைக்கிள், தையல் மிஷினுக்குள் போன தண்ணீர், சேற்றில் புதைந்த படகின் இஞ்சின் என்று சின்னச் சின்னதாக நிறைய இருக்கும். கஜாவில் புஷ்பவனம், வெள்ளப்பள்ளம் பக்கம் கடல் அள்ளிக்கொண்டு வந்து போட்ட சேறு கரையை மூடிவிட்டது, படகை வெளியே எடுக்கவே ஆள் கூலி கொடுக்க வேண்டியிருந்தது. ஆட்டுக்குட்டி செத்துப்போனவருக்கு இரண்டு குட்டி. டீக்கடை வைத்திருந்த விதவைக்கு ஒரு பாய்லர், பத்து கிளாஸ், கூரைக்கு நாலு தகரம்.

இவையெல்லாம் இரண்டாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் அடங்குகிற காரியங்கள். ஒரு அரசுத் திட்டமாக இதை எழுத முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் தேவை வேறு. பெரிய தொண்டு நிறுவனத்துக்கும் இது ஒத்துவராது, அவர்கள் ஒரே மாதிரி ஐந்நூறு வீட்டுக்குக் கொடுத்தால்தான் அறிக்கை எழுத முடியும். ஊரை அறிந்த ஒருவர் கையில் ஊருக்கு வெளியே இருக்கும் இருபது பேர் மாதாமாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்து வைத்தால் இது அழகாக நடக்கும். கணக்கைப் பாருங்கள்: இருபது பேர் புயல் வாரத்தில் ஆளுக்கு ஆறாயிரம் போட்டால் 1,20,000. அதே இருபது பேர் மாதம் ஆயிரமாக ஆறு மாதம் போட்டாலும் 1,20,000தான். முதல் தொகை அரிசியாகவும் பாயாகவும் பத்து நாளில் போய்விடும். இரண்டாவது தொகை கார்த்திகையில் டீசலாகவும், தையில் தவணையாகவும், மாசியில் பரீட்சைச் செலவாகவும், சித்திரையில் டீக்கடையாகவும் மாறும். கொடுப்பவர்களுக்கும் இது பாரமில்லை. ஆனால் கொடுக்கிற மனதுக்கு டிவியில் படம் ஓடும் வரைதான் சூடு இருக்கிறது, அதை மறுக்க முடியாது. அதனால் முதல் வாரத்திலேயே, "ஆறு மாதம் போடுறேன்" என்று வாய்ச்சொல் வாங்கிவிடுவதுதான் வழி. எங்கள் சின்னக் கூட்டத்தில் அதை நாங்கள் மிகத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டோம். முதல் மாதம் வந்ததையெல்லாம் முதல் மாதமே செலவழித்துவிட்டோம், மாசியில் வந்து கேட்ட இரண்டு அம்மாக்களுக்கு ஒன்றும் கொடுக்க முடியாமல் போனது இன்றைக்கும் உறுத்துகிறது.

இப்படித் தவணை வைத்துக் கொடுப்பது நமக்குப் புதிதா என்றால், இல்லை. பேராவூரணி பக்கத்திலும் அதை ஒட்டிய புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு பக்கத்திலும் ஆடி மாதம் மொய் விருந்து நடக்கும். பத்திரிகை அடித்து, கறி விருந்து போட்டு, வந்தவர்கள் எழுதும் மொய்யை வாங்கி ஒருவர் தொழில் தொடங்குவார், கடனை அடைப்பார், பிள்ளையைப் படிக்க வைப்பார். வாங்கியதை நோட்டைப் பார்த்து, சில வருஷங்களில், அவரவர் விருந்தில் திருப்பிச் செய்வார், கூடுதலாகப் போடுவது புதுநடை, அதாவது புதிய மொய்க் கணக்கு. வட்டி இல்லை, பத்திரம் இல்லை, நோட்டுதான் சாட்சி. இதில் கௌரவம் கெடுவதில்லை என்பதுதான் முக்கியம், வாங்குகிறவர் விருந்து போடுகிறவராக நிற்கிறார்.

ஆனால் மொய் என்பது ஏற்கனவே மொய் செய்து வைத்தவருக்கும், திருப்பிச் செய்யத் தெம்பிருப்பவருக்கும்தான் உதவும். புயல் நிவாரணத்தை அப்படியே மொய்யாக்க முடியாது, திருப்பித் தர வேண்டிய உதவி ஏற்கனவே கடனில் இருப்பவருக்கு இன்னொரு கடன். அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்த நோட்டை மட்டும்தான்: யார் பேரில் எவ்வளவு என்று எல்லோரும் பார்க்க எழுதி வைப்பது, அதை வருஷக்கணக்கில் பாதுகாப்பது.

ஊரில் இன்னொரு நோட்டும் உண்டு, தலைக்கட்டு வரி நோட்டு. கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி வாங்கும் பட்டியல். வெளியூரிலிருந்து நிவாரணம் கொண்டு வருகிறவர்கள் ஊருக்குள் வந்ததும் பெரியவர்களைக் கேட்பார்கள், அவர்கள் இந்தப் பட்டியலை நீட்டுவார்கள். கைக்கு உடனே கிடைக்கிற பட்டியல் என்பதால் எல்லோரும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். அதில் காலனித் தெரு பெரும்பாலும் இருக்காது. கணவனை இழந்து தனியே இருக்கும் பெண் பல ஊர்களில் முழுத் தலைக்கட்டு கிடையாது. அண்ணன் தம்பி ஒரே வீட்டில் மூன்று அடுப்பு வைத்திருந்தால் அது ஒரு தலைக்கட்டாக எழுதப்பட்டிருக்கும். சுனாமிக்குப் பிறகு மீனவர் ஊர்களிலும் இதே சிக்கல் வந்தது, ஊர்ப் பஞ்சாயத்து ஆண்களின் பங்குக் கணக்கை வைத்துப் பிரித்ததில் தனித்து வாழும் பெண்கள் விடுபட்டார்கள். கடலை நம்பியும் படகு இல்லாமல் சிற்றோடைகளில் கையால் மீன் பிடித்து வாழ்ந்த இருளர் குடும்பங்கள் மீனவர் என்ற கணக்கிலேயே வரவில்லை. ஆகவே பணம் கொண்டு போகிறவர் ஒரு நாள் செலவழித்து அடுப்பை எண்ண வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களிடம் கேட்டால் போதும், எந்த வீட்டில் யார் படுத்துக் கிடக்கிறார்கள் என்பது வரை ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது சட்டம். இது பலருக்குத் தெரியாமல் நல்ல எண்ணத்தோடு போய் மாட்டிக்கொள்கிற இடம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் ஒருவருக்கு நேராக அனுப்பும் உதவிக்கு உங்களுக்கு வரிச்சலுகை கிடையாது. 80ஜி என்று எல்லோரும் சொல்லும் சலுகை, பதிவு பெற்ற அறக்கட்டளைகளுக்கும் முதலமைச்சர் பொது நிவாரண நிதி போன்றவற்றுக்கும் கொடுப்பதற்குத்தான், அதிலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கணக்கில் வராது. சரி, சலுகை வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். பணம் வாங்குகிற பக்கம் பார்க்க வேண்டும். சொந்தக்காரர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு வருஷத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக வந்தால், மொத்தமும் வாங்கியவரின் வருமானமாகக் கருதப்படும். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இரண்டாயிரம் ஐயாயிரம் அனுப்புவதில் இந்தப் பிரச்சினை வராது. ஆனால் நிதி திரட்டும் இளைஞன் தன் சொந்த சேமிப்புக் கணக்கின் க்யூஆர் கோடைப் போட்டு மூன்று லட்சம் வாங்கிவிட்டால், அது தன் பணமில்லை, இன்னாரிடம் வாங்கி இன்னாருக்குக் கொடுத்தேன் என்று அவன்தான் ரசீதோடு நிரூபிக்க வேண்டும். ரசீது இல்லாவிட்டால் நல்லது செய்யப் போனவனுக்கு நோட்டீஸ் வரும். இன்னொன்று, திடீரென்று நூற்றுக்கணக்கான முன்பின் தெரியாத ஆட்கள் பணம் போடும் கணக்கில், ஏதோ ஒரு சைபர் மோசடியில் தொடர்புள்ள ஐந்நூறு ரூபாய் வந்து விழுந்தாலும், புகாரின் பேரில் அந்தக் கணக்கு முடக்கப்படலாம். நிவாரணம் நடுவில் நின்றுபோகும். இரண்டு பேர் கையெழுத்தில் தனியாக ஒரு கணக்கு, முடிந்தால் ஏற்கனவே பதிவு பெற்ற ஓர் உள்ளூர் அறக்கட்டளையின் கணக்கு, இதுதான் பாதுகாப்பு.

வெளிநாட்டுப் பணத்தில் இதைவிடக் கவனம் வேண்டும். முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் என்று எங்கள் பக்கத்தில் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ ஆள் இல்லாத தெரு குறைவு. அங்கே வேலை பார்ப்பவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், அவர் வங்கி வழியாக அனுப்பும் சொந்தச் சேமிப்பு வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே ஆள் சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், அவர் ஒரு தன்னார்வக் குழுவுக்கு அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வந்துவிடும். பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. பதிவு வைத்திருக்கும் அமைப்பும், 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கில்தான் முதலில் வாங்க வேண்டும், அதை இன்னொரு சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. உள்ளூரில் நல்லா வேலை செய்யும் பதிவில்லாத குழுக்களை இந்தத் திருத்தம் மிகவும் பாதித்தது என்பது என் கருத்து. சொந்த அண்ணன் தம்பிக்கு அனுப்புவது வேறு, ஒரு வருஷத்தில் பத்து லட்சம் ரூபாய் வரை தகவல்கூடத் தெரிவிக்க வேண்டியதில்லை. அதனால்தான் வெளிநாட்டுச் சொந்தங்கள் தங்கள் குடும்பத்துக்கு அனுப்புவதே நடைமுறையில் பெரிய நிவாரணமாக இருக்கிறது, வெளிநாட்டில் ஆள் இல்லாத தெரு இதிலும் விடுபடுகிறது.

கணக்குக்கு அனுப்பும்போது இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். வாங்குகிறவரின் கணக்கில் கடன் தவணை நிலுவை இருந்தால், நீங்கள் போட்ட மூவாயிரம் ரூபாய் ஏறிய வேகத்தில் பிடித்தமாகப் போகக்கூடும். கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் கடைகளில் சில பேர் அதற்கும் கமிஷன் கேட்கிறார்கள். எந்தக் கணக்குக்கு அனுப்பட்டும் என்று அந்த அம்மாவிடமே கேட்டுவிடுவது நல்லது, பல நேரம் அவர் மகள் கணக்கையோ மளிகைக் கடைக்காரர் கணக்கையோ சொல்வார், அதில் தப்பே இல்லை. கடை பாக்கியை அடைத்தாலே அந்த வீட்டுக்கு அடுத்த மாதச் சாமான் கிடைத்துவிடும்.

போட்டோ விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. பணம் கொடுத்ததற்குச் சாட்சி வேண்டும், அது சரி. ஆனால் ஐந்து கிலோ அரிசிப் பையை ஒரு பக்கம் நாலு பேர் பிடித்து, இன்னொரு பக்கம் ஒரு கிழவி பிடித்து, நேராகப் பார்க்கச் சொல்லி எடுக்கிற படம் வேண்டாம். அந்தக் கிழவியின் பேரன் திருப்பூரில் அந்தப் படத்தைக் கைபேசியில் பார்க்கிறான். கூரை வேய்ந்து முடித்த வீட்டைப் படம் எடுங்கள், கடை ரசீதைப் படம் எடுங்கள், நோட்டில் போட்ட கையெழுத்தை எடுங்கள். கொடுத்தவர்களுக்கு அது போதும், போதாது என்கிறவரின் பணம் இல்லாமலேயே சமாளிக்கலாம்.

கணக்கைப் பகிர்வதில் ஊர்க் கோயில்களில் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. திருவிழா முடிந்ததும் மண்டபத்தில் உட்கார்ந்து வரவு செலவைச் சத்தமாக வாசிப்பார்கள், சந்தேகம் இருப்பவர் அங்கேயே கேட்பார், சில நேரம் சண்டையும் வரும். நிவாரணக் கணக்கையும் அப்படி, பணம் போன தெருவிலேயே வாசிக்க வேண்டும். கொடுத்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்வதைத்தான் நிறையப் பேர் செய்கிறோம். வாங்கியவர்கள் முன்னால் வாசித்தால்தான், "எங்க வீட்டுக்கு ரெண்டாயிரம்னு எழுதியிருக்கு, ஆயிரத்தைந்நூறுதான் வந்துச்சு" என்று ஒருவர் எழுந்து கேட்க முடியும். விடுபட்டவரும் அங்கேதான் கையைத் தூக்குவார்.

இந்தப் பணத்தால் முடியாதவை எவை என்பதையும் சொல்ல வேண்டும். உப்புத் தண்ணீர் ஏறிய வயலைச் சரிசெய்வது, வடிகால் வாய்க்காலைத் தூர்வாருவது, குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு, புறம்போக்கில் இருப்பவருக்குப் பட்டா, இவையெல்லாம் அரசு செய்ய வேண்டியவை. மாதம் ஆயிரம் ரூபாய் போடும் இருபது பேர் அதைத் தலையில் தூக்கிக்கொள்ளப் பார்த்தால் இரண்டும் கெடும். ஆனால் அதே குழுவில் விவரம் தெரிந்த ஒருவர் இருந்து, விடுபட்ட வீட்டுக்காரரைத் தாலுகா அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் மனு எழுதிக்கொடுத்து, பஸ் காசும் அன்றைய கூலியும் கொடுத்தால், முந்நூறு ரூபாய்ச் செலவில் பத்தாயிரம் ரூபாய் அரசுப் பணம் அந்த வீட்டுக்கு வரும். நன்கொடையை இதைவிடச் சிக்கனமாகச் செலவழிக்க எனக்கு வழி தெரியவில்லை. மனு கொடுக்க ஒரு நாள் கூலியை இழக்க முடியாமல்தான் பாதிப் பேர் அந்தப் பக்கமே போவதில்லை.

கீற்றுக் கூரையை ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும், அதுவும் ஐப்பசி மழைக்கு முன்னால். கஜாவுக்கு அடுத்த வருஷம் எங்கள் பக்கத்தில் மரமே இல்லாததால் கீற்றுக்குக் கிராக்கி. நிவாரணமாக வந்த தார்ப்பாய் சித்திரை வெயிலில் காய்ந்து, ஆடிக் காற்றில் கிழிந்து, ஆவணியில் பாதி வீடுகளில் நார் நாராகத் தொங்கியது. அந்த ஆவணியில் சிங்கப்பூர் தம்பி மட்டும் ஒரு நாள் போன் செய்து, "அண்ணே, போன வருஷம் அனுப்பினதுல எதுவும் பாக்கி இருக்கா, இல்ல இன்னும் வேணுமா" என்று கேட்டான். அவன் அனுப்பியதில் ஒன்பது வீட்டுக்குக் கீற்று வாங்கினோம். அந்தக் கணக்கை எழுதிய பக்கத்துக்கு முன்னால், மாசி என்று தலைப்பு எழுதிய பக்கம், எங்கள் நோட்டில் இன்னும் காலியாகவே இருக்கிறது.